மேற்கோளில் ஏறாத வேலை

குன்னூரில் சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே நிற்கும் பாஸ்டர் ஸ்தாபனத்தை வெறிநாய்க்கடி மருந்தின் பெயரால் அறிந்தவர்கள் பலர். ஆனால் அதன் ஓர் அறையில் ராபர்ட் மக்காரிசன் என்ற ஐரிஷ் மருத்துவர் 1918-இல் பெரிபெரி நோயைப் பற்றித் தொடங்கிய விசாரணை, சிக்கனத்தின் பேரால் நடுவில் நிறுத்தப்பட்டு, 1925-இல் மறுபடி உயிர்பெற்று, உணவு ஆராய்ச்சிச் சாலையாக வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது என்பதை அறிந்தவர்கள் சிலரே. சிறுநீர்ப்பையில் கல் விளையும் காரணத்தை அவர் இந்த மலையில் எலிகளை வைத்து ஆராய்ந்து, 1927-இல் பிரசுரித்தார் என்பதை அறிந்தவர்களோ அவர்களிலும் சிலர்.

அக்காலத்தில் பஞ்சாபிலும் சிந்துவிலும் சின்னஞ்சிறு பிள்ளைகள்கூட அந்தக் கல்லுக்காகக் கத்திக்கு உடம்பைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தானிய மாவே மிகுந்து வைட்டமின் ஏ குறைந்த உணவைத் தின்ற எலிகளுக்குக் கல் தோன்றியதையும், அதே உணவோடு பால் பெற்றவை தப்பியதையும் மக்காரிசன் கண்டார். வைட்டமின் குறைவுக்கு அவர் கொடுத்த முதன்மையைப் பின்வந்தவர்கள் அப்படியே ஏற்கவில்லை. எனினும் பாலின்றித் தானியத்தையே நம்பிய ஏழைப் பிள்ளையின் தட்டில்தான் அந்த வியாதியின் வேர் இருக்கிறது என்ற அடிப்படை நிலைத்துவிட்டது. நிலைத்துவிட்ட காரணத்தாலேயே, இன்று அதை எழுதுகிறவர் குன்னூரைக் குறிப்பிட வேண்டும் என்ற அவசியத்தை உணர்வதில்லை.

ஒரு விஞ்ஞானியின் கட்டுரையைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணும் வழக்கம், யூஜின் கார்ஃபீல்டு 1964-இல் வெளியிட்ட அறிவியல் மேற்கோள் அட்டவணையால் வேரூன்றியது. 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் வகுத்த குறியீட்டெண்ணோ, தலைக்கு 20 மேற்கோளாவது பெற்ற 20 கட்டுரைகளை உடையவருக்கு 20 என்று, ஆயுட்காலத்து உழைப்பையே ஒற்றை இலக்கமாகச் சுருக்கிவிட்டது. இந்தக் கணக்கு பொய் என்பது என் அபிப்பிராயமன்று. வயது, எடை, ரத்தத்திலுள்ள கிரியாட்டினின் ஆகியவற்றைக்கொண்டு சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனை மதிப்பிடக் காக்ராஃப்டும் கால்ட்டும் 1976-இல் தந்த சூத்திரம், 249 நோயாளிகளை, அவர்களிலும் ஏறக்குறைய எல்லாரும் ஆண்களாக இருந்தவர்களை, ஆதாரமாகக் கொண்டதுதான். ஆயினும் மருந்தின் அளவை நிர்ணயிக்கும் மருத்துவர்களுக்கு அரை நூற்றாண்டாக உதவி, பல்லாயிரம் மேற்கோள்களை அது பெற்றிருப்பது நியாயமே.

ஆனால் சென்னையின் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி செய்த காரியத்தை இந்தத் தராசில் எப்படி நிறுப்பது? டயாலிசிஸும் மாற்றுச் சிறுநீரகமும் இந்நாட்டு ஏழைகளில் பெரும்பாலோருக்கு எட்டாதவை என்பதைத் தம் தொழிலிலேயே கண்ட அவர், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கிராமங்களில் சுமார் 25,000 பேரிடையே, அவ்வூர்ப் பெண்களையே பழக்கி, வீடுவீடாகச் சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் உண்டா என்று சோதிக்கவும், ரத்த அழுத்தம் பார்க்கவும் செய்து, கண்டுபிடித்த நோயாளிகளுக்கு விலை மலிந்த பழைய மருந்துகளையே கொடுத்து, நோய் முற்றாமல் தடுக்க முற்பட்டார். ஒரு நபருக்கு ஓராண்டுக்கு ஆன செலவு கால் டாலரை ஒட்டியது. இந்த விவரங்களை அவர் 2003-லும் 2005-லும் உலகச் சிறுநீரக மருத்துவர்கள் படிக்கும் இதழில் வெளியிட்டார். சூத்திரத்தைக் கையாளும் ஆராய்ச்சியாளன் தன் கட்டுரையின் அடியில் அதைக் குறிப்பான். ஆனால் கிராமத்தில் இந்த முறையைப் பின்பற்றும் செவிலியோ சுகாதார ஊழியரோ கட்டுரை எழுதுவதில்லை. தடுக்கப்பட்ட நோய்க்கு நோயாளியும் இல்லை, ஆகவே மேற்கோளும் இல்லை.

இதை நான் நீலகிரியிலிருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. உதகையில் 2022-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரிக்கு 2025-இல் 700 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையும் வந்துவிட்டது. அங்கே பாடம் சொல்லும் இளம் மருத்துவர்களின் பதவி உயர்வுக்கு விதி கேட்பது பிரசுரமான கட்டுரைகளை. சிறுநீரக நோயோ வெகுகாலம் வலியின்றி, அறிகுறியின்றி வளர்வது. பகலெல்லாம் சரிவில் நின்று கொழுந்து பறித்துவிட்டு லைன் வீட்டுக்குத் திரும்பும் பெண் தன் ரத்த அழுத்தத்தை அறிய வேண்டுமானால், மருத்துவர்தான் அவளிடம் போக வேண்டும். கூடலூருக்கும் பந்தலூருக்கும் மாதந்தோறும் இறங்கிச் சென்று, எஸ்டேட் டிஸ்பென்சரியில் அமர்ந்து சிறுநீர் சோதித்து, ரத்த அழுத்தம் பார்த்து, அடுத்த ஆண்டும் அதே பெயர்களைத் தேடிப்பிடித்துச் சோதிக்கும் மருத்துவர் ஒருவர் கிடைத்தால், அவருடைய பதிவேட்டையும் பிரசுரத்துக்கு இணையான ஆதாரமாக ஏற்று அவருக்கு உயர்வளிக்கும்படி, விதிகளை இயற்றும் தேசிய மருத்துவ ஆணையத்தையும் தமிழக மருத்துவக் கல்வித் துறையையும் கேட்டுக்கொள்கிறேன்.