"பச்சைப் பாம்பு கடிச்சுது டாக்டர்"னு மட்டும் சொன்னா போதாது

பாம்பு வளர்க்கிறவங்க இன்ஸ்டாகிராமில் போடுற மர போவா படங்களைப் பார்த்திருப்பீங்க. மஞ்சள், செங்கல் சிவப்பு, சாம்பல், புள்ளி போட்டதுன்னு ஏழெட்டு வகை மாதிரி தெரியும். ஆனா அதுல பெரும்பாலும் அமேசான் மர போவாங்கிற ஒரே இனம்தான். தென் அமெரிக்கக் காட்டுல ஒரே தாய்க்கு ஒரே சமயத்துல பிறந்த குட்டிகளே வேற வேற நிறத்துல இருக்கும். அதோட சொந்தக்கார மரகத மர போவா, குட்டியில செம்மஞ்சளா இருந்து வளர்ந்த பிறகுதான் பச்சையாகும்.

போவாவுக்கு விஷம் கிடையாது. அதனால அங்க நிறம் வெறும் விலை விஷயம். நம்ம பழனி மலையில நிறத்தை நம்புறது உயிர் விஷயம்.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்ட வேலைக்குப் போறவங்களுக்குத் தெரியும். ஒல்லியா, கூர்மூக்கோட கொடி மாதிரி தொங்குறது கண்கொத்திப் பாம்பு. அது கண்ணைக் கொத்தும்னு சொல்றது கட்டுக்கதை. அதோட லேசான விஷத்தால மனுஷனுக்குப் பெரிய ஆபத்து இல்லை. இன்னும் மேல, குளிர் காட்டுல, பெருஞ்செதில் குழிவிரியன் இருக்கு. தென் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான பகுதிகளைத் தவிர உலகத்துல வேற எங்கேயும் கிடையாது. அதுவும் பச்சை. ஆனா கடிச்சா கை வீங்கி, வலி தாங்காது. இன்னொரு உறவு, மலபார் குழிவிரியன், பச்சை, மஞ்சள், பழுப்புன்னு பல நிறத்துல வரும். இப்போ சொல்லுங்க, "பச்சைப் பாம்பு"ன்னா நான் எதைன்னு எடுத்துக்கிறது?

இதுல எனக்கு நிஜமான ஆதங்கம் ஒண்ணு உண்டு. இந்தியாவில் நமக்குக் கிடைக்கிற விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன்னு நாலு பாம்புக்காகத் தயாரிச்சது. அதுக்கான விஷத்துல பெரும்பங்கு வடநெம்மேலியில 1978-ல் தொடங்கின இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்திலிருந்து வருது. குழிவிரியன் அந்த நாலுல இல்லை. மலை மேல தோட்டத் தொழிலாளியைக் கடிக்கிற பாம்புக்கு எங்ககிட்ட தனி மருந்து இல்லைங்கிறதுதான் உண்மை. பாம்பு எந்த ஊர்ல வாழுதுங்கிறதைப் பார்த்து மருந்து தயாரிக்கணும்னு சொல்றது ஆடம்பரக் கோரிக்கை இல்லை.

அதுக்காக வீட்டுலயே இருந்துடாதீங்க. குழிவிரியன் கடியில பெரும்பாலானவங்க பிழைச்சுடுறாங்க. ஆனா மூக்கு நீண்ட சின்ன பழுப்பு இனம், கூம்புமூக்குக் குழிவிரியன், சிறுநீரகத்தையே கெடுத்துடலாம். கண்ணாடிக் குழாயில ரத்தம் எடுத்து 20 நிமிஷம் அசைக்காம வச்சு, உறையுதான்னு பார்ப்போம். சிகிச்சையைத் தீர்மானிக்கிறதுல அதுக்கும் உங்க அறிகுறிகளுக்கும் பெரிய பங்கு உண்டு, நிறத்துக்கு இல்லை.

பாம்பைத் தேடி அடிக்காதீங்க, பிடிச்சுப் பையில போட்டுக் கொண்டு வராதீங்க. தூரத்திலிருந்து போனில் ஒரு படம் எடுக்க முடிஞ்சா நல்லது, இல்லைன்னா விடுங்க. மோதிரம், வளையலைக் கழட்டுங்க, கையை அசைக்காம வச்சுக்கோங்க, கட்டுப் போட்டு இறுக்காதீங்க. 108-க்குக் கூப்பிடுங்க. எத்தனை மணிக்குக் கடிச்சுது, எந்த இடத்துல, மரத்துலயா தரையிலயா, இதைச் சொல்லுங்க.