பழைய மொறிசும் மாற்று இயந்திரமும்

பழைய மோட்டார் வண்டிக்கு மாற்று இயந்திரம் பூட்டுவதைப் பற்றி இலக்கியப் பகுதியில் எழுதுவானேன் என்று முகஞ் சுளிப்பாரும் உளர். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளிலே மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் பெற்றிருந்த இடத்தை அறிந்தவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். தலைமையாசிரியரும் நொத்தாரிசும் வைத்தியரும் ஏறிய வண்டி அது. மணமக்களை ஏற்றிவந்ததும் அது. சந்தியிலே வாடகைக்கு நின்று ஊர்ச் செய்தி அனைத்தையும் சுமந்து திரிந்ததும் அதுவே. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இறக்குமதி ஒடுங்கிற்று. 1990 முதல் போரும் பொருளாதாரத் தடையும் குடாநாட்டைப் பூட்டிவைத்தன. அதனால், வேறிடங்களிற் பழைய இரும்பாய்ப் போன வண்டிகள் இங்கே நிலைத்துவிட்டன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேதான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இவ்விடைக்காலத்திலே கொட்டிலிற் கிடந்த மொறிசை வெளியே இழுத்துக் கழுவிய இளைஞர் பலர். தேய்ந்த இயந்திரத்துக்குப் பதிலாக எதனைப் பூட்டுவது என்பதே அவர்கள் வினா.

எதனையும் பூட்டலாகாது, அசல் அசலாகவே இருக்கவேண்டும் என்பது ஒரு சாரார் கட்சி. இக்கட்சியார் அவ்வண்டியின் வரலாற்றைச் சற்றுப் படிப்பது நன்று. அலெக் இசிகோனிஸ் மைனரை வரைந்தபோது அதற்கென மனத்தில் வைத்திருந்தது, உருளைகள் இருபுறமும் படுத்திருக்கும் வேறொரு நான்குருளை இயந்திரம். அது கைவிடப்பட்டது. 1948இல் வண்டி வெளிவந்தபோது அதனுள் இருந்தது, முந்திய மொறிஸ் வண்டியொன்றிலிருந்து எடுத்துப் பூட்டிய 918 கன சென்ரிமீற்றர் இயந்திரம். 1952இல் மொறிஸ், ஒஸ்ரின் ஆகிய இரு நிறுவனங்களும் ஒன்றாகவே, அதுவும் கழற்றப்பட்டு ஒஸ்ரினின் 803 உட்சென்றது. 1956இல் 948, 1962இல் 1098. முகமூடியைத் திறந்து பார்ப்போருக்கு இயந்திரத்தின் இருபுறமும் கைவிட்டு வேலைசெய்யத்தக்க வெற்றிடம் தெரியும். அது வராமற்போன அந்த முதல் இயந்திரத்துக்காக விட்ட இடம். பிறந்த நாள் முதல் மாற்றான் நெஞ்சுடனேயே ஓடிய வண்டிக்கு மாற்று இயந்திரம் ஆகாது என்பது பொருந்தாத வாதம்.

ஆனால் மாற்றலாம் என்பதனால் எதையும் மாற்றலாம் என்பதாகாது. கறுத்தக்கொழும்பானை ஒட்டுவோர் மாவின் அடியிலேதான் ஒட்டுவர். வேம்பின்மீது ஒட்டிப் பார்ப்பாரில்லை. இயந்திரத்துக்கும் அச்சிலே, தடையிலே, நீர்க்குளிர்ச்சியிலே உறவு வேண்டும்.

இன்று பலர் மனம் நாடுவது டீசலை. டொயோட்டா வான்களிலிருந்து கழற்றிய, ஏறக்குறைய 2000 கன சென்ரிமீற்றர் கொண்ட டீசல் இயந்திரங்கள் எளிதிற் கிடைக்கும். எரிபொருட் செலவுங் குறையும். இது எனக்கு உடன்பாடன்று. மைனரின் முழுப் பாரமே முக்கால் தொன் அளவுதான். அதன் மூக்கிலே அத்தனை இரும்பை ஏற்றினால் முன் வில் தாழும், சுக்கான் கனக்கும், சிறிய பீப்பாய்த் தடைகள் வண்டியை நிறுத்தத் திணறும், பின்னச்சின் அரைத்தண்டுகள், முன்னமே ஒடிவதற்குப் பேர்பெற்றவை, அந்த முறுக்கைத் தாங்கா. டீசலின் உதறலோ எழுபது வயது உடலின் ஒவ்வோர் ஒட்டையும் பிரிக்கும். சேமித்த எரிபொருட் பணம் ஒட்டுவேலைக்காரனுக்கே போய்ச் சேரும்.

மின்னணு மூளையாலே இயங்கும் புத்தியந்திரங்களைப் பற்றி நீட்டி எழுதவேண்டியதில்லை. கம்பிக் கூட்டமும் உணர்கருவியும் முழுமையாகக் கிடைத்தாலன்றி அவை ஓடா. கிடைத்தாலும் பழுதுபார்ப்பதற்குக் கணினி வேண்டும்.

என் கருத்திலே முதலிடம் 1098க்கே உரியது. 803 தருவது 30 குதிரைவலு; 1098 தருவது 48. அதே குடும்பம், அதே தாங்கிகள். உடலில் எதையும் வெட்டவேண்டியதில்லை. ஒன்று மட்டும்: இயந்திரத்தைத் தனியே வாங்கி வந்து பழைய கியர்பெட்டியோடு இணைப்போர் இரண்டு வருடத்தில் மீண்டும் கராஜுக்கு வருவர். கியர்பெட்டியையும், 1962இன் பின் வந்த 8 அங்குல முன் தடைகளையும், 4.22 விகிதமுள்ள பின்னச்சுப் பல்லையும் கூடவே எடுக்கவேண்டும். 803 வண்டியின் பின்னச்சு விகிதம் 5க்கு மேற்பட்டது. அதனை விட்டுவைத்தால் புதிய வலுவெல்லாம் இரைச்சலாகவே போகும். மினியின் இயந்திரமும் இக்குடும்பமே என்று கேள்விப்பட்டு அதை வாங்கிவிடுவாரும் உண்டு. மினியில் இயந்திரம் குறுக்கே கிடக்கும். அதன் எண்ணெய்த்தொட்டிக்குள்ளேயே கியர்பெட்டி இருக்கும். மைனரில் நேராக நிறுத்துவதற்கு வேறு பின்தகடும் வேறு தொட்டியும் தேடித் திரியவேண்டும்.

1098 கிடையாதெனின், டற்சன் சனியின் ஏ12. இதுவும் அந்நியமன்று. நிசான் நிறுவனம் 1950களில் ஒஸ்ரினோடு ஒப்பந்தஞ் செய்து, ஒஸ்ரின் வண்டிகளையே ஜப்பானிற் கட்டித் தொழில் கற்றது. ஆகவே மாணாக்கன் வீட்டுச் சரக்கு என்று கொள்ளலாம். 1171 கன சென்ரிமீற்றர். சுழல்தண்டுக்கு மூன்றுக்குப் பதிலாக ஐந்து தாங்கிகள். தலை அலுமினியமாதலால் பாரமும் இல்லை. இதற்குக் கியர்பெட்டித் தாங்கியை மாற்றவும், பின்னச்சுக்குச் செல்லும் தண்டை அளந்து வெட்டவும் வேண்டும். மைனரின் மின்னமைப்பிலே நேர்முனை உடலோடு இணைந்திருப்பதையும் மறத்தலாகாது. ஜப்பானிய மின்பிறப்பாக்கியைப் பூட்டுமுன் அதனைத் தலைகீழாக்காவிடின் முதல் நாளிலேயே புகை கிளம்பும்.

இனி, நெஞ்சை உறுத்தும் ஒன்று. 1990 ஜூனிலே போர் மீண்டும் மூண்டபின் பெற்றோல் குடாநாட்டுக்கு வருவது தடைப்பட்டது. அக்காலத்திலே வீதியில் ஓடியவை இந்தப் பழைய வண்டிகளே, ஓடியது மண்ணெண்ணெயில். ஒரு சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டுக் கிளப்புவார்கள். இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெண்புகை ஒழுங்கையை மூடும். இது எப்படி இயன்றது? மண்ணெண்ணெய் அழுத்தத்தைப் பொறுக்காது. உரிய வேளைக்கு முன்னரே வெடித்து உருளையைத் தட்டும். 803 இயந்திரம் கலவையை அழுத்துவதோ 7.2க்கு 1 என்ற அளவிலேதான். அவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தின. இங்கிலாந்திலே பேர்கியுசன் உழவு இயந்திரத்தைக் கூட, அழுத்தத்தைக் குறைத்து, பெற்றோலிற் கிளம்பி மண்ணெண்ணெய் வகையில் ஓடும்படி செய்தார்கள். அங்கே பொறியியலாளர் வரைந்து செய்ததை இங்கே நம் மெக்கானிக்மார் மரத்தடியிலே, எரியாத மண்ணெண்ணெய் கசிந்து நீர்த்துப்போன எண்ணெயை அடிக்கடி மாற்றி மாற்றிச் செய்தார்கள். பிரசவ வேதனைப்பட்ட தாய்மாரும் காயப்பட்டோரும் இவ்வண்டிகளிலே வைத்தியசாலை சேர்ந்தனர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் வெறிச்சோடி, இலட்சக்கணக்கான மக்கள் தென்மராட்சி நோக்கி நடந்த வேளை, நடக்க இயலாத முதியோரில் ஒரு பகுதியினரைச் சுமந்தவையும் இவையே. வலுவில்லாத இயந்திரமென்று நாம் குறைகூறும் அந்தப் பலவீனமே அன்று உயிர் காத்தது.

அப்படியாயின் அவ்வியந்திரத்தையே வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். அன்றைய நாள் திரும்பலாம் என்ற அச்சம் அக்கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. அதை நகையாட எனக்கு மனமில்லை. 2022இல் எரிபொருள் வரிசையிலே நின்றவர்கள் எவரும் நகையார். எனினும் அவ்வாண்டு ஓகஸ்டிலேயே மண்ணெண்ணெய் இலீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. ஏழையின் எண்ணெய் என்ற பெயர் போயிற்று. அன்றியும், மண்ணெண்ணெயில் ஓடிய இயந்திரங்கள் உருளை தேய்ந்து, தண்டு தேய்ந்து, கடைந்து கடைந்து இனிக் கடைவதற்கு இரும்பில்லாத நிலையிலே இருக்கின்றன. ஈயங் கலந்த பெற்றோலும் 2002இல் இந்நாட்டில் நின்றுவிட்டது; பழைய இரும்புத் தலையின் வால்வு இருக்கைகள் ஈயமின்றி அரிபடும். 1098ஐத் தேர்ந்தாலும் கடினமான இருக்கை வளையங்களைப் பதிப்பித்தே பூட்டுக. ஏ12இன் அலுமினியத் தலையில் அவை தொடக்கத்திலேயே உள்ளன.

வேகத்தை எண்ணி இயந்திரந் தேடுவோருக்கு இங்கே வேலையில்லை. குடாநாட்டில் மலையில்லை, பட்டினத்திலிருந்து பருத்தித்துறை 20 மைல் அளவுதான். நமக்கு வேண்டியது சித்திரை வெயிலிலே சந்தி நெரிசலில் நின்றாலும் கொதிக்காத வண்டி. புதிய இயந்திரத்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை நீர்க்குளிர்த்திக்கு ஒதுக்குங்கள். நம் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீரை அதற்குள் ஊற்றாதீர்கள். கேத்தலின் அடியில் வெண்ணிறமாய்ப் படிவது அங்கேயும் படியும்.

சட்டமும் உண்டு. பதிவுப் புத்தகத்தில் இயந்திர இலக்கம் எழுதப்பட்டிருக்கிறது. மாற்றியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துத் திருத்திக்கொள்ளாதவர் வண்டியை விற்கும் நாளிலே அல்லற்படுவார்.

கழற்றிய பழைய இயந்திரத்தைப் பழைய இரும்பு வாங்குபவனிடம் நிறுத்துக் கொடுப்பது இப்போது வழக்கமாகி வருகின்றது. அது வேண்டாம். தொழில்நுட்பக் கல்லூரிகளும் பாடசாலைகளும் அவற்றுட் சிலவற்றை ஏற்று, ஒரு பக்கத்தை அறுத்துத் திறந்து, அதனருகே மண்ணெண்ணெயில் ஓட்டுவதற்குச் செய்த மாற்றங்களை அந்த மெக்கானிக்மார் வாயாலேயே கேட்டு எழுதி வைக்கவேண்டும். அவர்களில் இன்னும் கை நடுங்காமல் இருப்போர் சிலரே. அவர்களிடம் போய்க் கேட்கும் மாணவன், எந்த எண்ணெய், எத்தனை துளி, காபரேற்றரின் ஊசியை எவ்வளவு தாழ்த்தினீர்கள் என்பதிலிருந்து தொடங்கட்டும்.