நடுத்தூரம் தெரியாத கண்ணாடி

வெள்ளெழுத்து என்று நம் பெரியவர்கள் சொன்னதற்குச் சாளேசுரம் என்று இன்னொரு பெயரும் உண்டு. இந்துஸ்தானியில் சாலீஸ் என்றால் நாற்பது. நாற்பதில் வருவதால் அந்தப் பெயர். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் இந்தக் குறை உள்ளவரை "பிரெஸ்பித்" என்பார்கள். கிரேக்கத்தில் முதியவர் என்ற சொல்லிலிருந்து வந்தது அது. ஆக, எந்த ஊரானாலும் இது வியாதி அல்ல, வயசு. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிப்போய், கிட்டத்தில் இருப்பதற்கேற்ப வளைந்து கொடுக்க மறுக்கிறது. அவ்வளவுதான்.

இதற்கு நம் ஊரில் எல்லோருக்கும் கிடைக்கும் ஒரே மருந்து பைஃபோகல். மேலே தூரத்துக்கு, கீழே படிக்க. கடைக்காரர் எழுத்து அட்டையைக் கையில் கொடுத்து, "படிக்க முடியுதா சார்?" என்று கேட்பார். முடிகிறது என்றால் வேலை முடிந்தது. "நீங்க என்ன வேலை செய்யறீங்க, அது கண்ணிலிருந்து எவ்வளவு தூரத்துல இருக்கு?" என்று கேட்கும் கடையை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டும், கேட்காவிட்டால் நாமே சொல்ல வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையில் என் கட்சி.

இதை விளக்க, சேவூருக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: கைத்துப்பாக்கியால் குறி பார்த்துச் சுடும் விளையாட்டு. சம்பந்தமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1751 டிசம்பரில் கிளைவின் படையும், பிரெஞ்சுக்காரர்கள் துணைநின்ற ராஜா சாகிபின் படையும் நம் ஆரணியில்தான் மோதின. ஆனால் அந்தக் காலத்துப் பெரும்பாலான துப்பாக்கிகளுக்குப் பின்குறியே கிடையாது. கண்ணாடிப் பிரச்சினையும் எழுந்திருக்காது!

பாரிஸ் ஒலிம்பிக்கில், 2024 ஜூலை 30 அன்று, சாதெரூ என்ற ஊரில் 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கி கலப்புப் போட்டி நடந்தது. நம் மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் வெண்கலம் வாங்கியது அதில்தான். வெள்ளி வாங்கிய துருக்கி இணையில் ஒருவர் யூசுஃப் திகேச், 51 வயது. இடது கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு, சாதாரணக் கண்ணாடியோடு நின்ற அவர் படம் உலகமெல்லாம் சுற்றியது. "பார்த்தாயா, எந்தக் கருவியும் தேவையில்லை" என்று எல்லோரும் பேசினார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. சாதாரணக் கண்ணாடி வேறு, பொருந்தாத கண்ணாடி வேறு.

வயதானவர்களுக்கு இந்த விளையாட்டு புதிதும் அல்ல. 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் சுவீடனின் ஆஸ்கர் ஸ்வான் தம் 72ஆம் வயதில் துப்பாக்கி சுடுதலில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். உத்தரப் பிரதேசத்து பாக்பத் மாவட்டம் ஜோஹ்ரி கிராமத்துப் பாட்டி சந்த்ரோ தோமர், அறுபது வயதைத் தாண்டியபின் பேத்தியோடு பயிற்சிக்கூடத்துக்குப் போய்ப் பிஸ்டலைக் கையில் எடுத்தார். கூட அவருடைய ஓரகத்தி பிரகாஷி தோமரும். 2019இல் இவர்களைப் பற்றி இந்திப் படமே வந்தது. சந்த்ரோ 2021 ஏப்ரலில் காலமானார். ஆகவே "இந்த வயசில் என்ன குறி?" என்று யாரும் சொல்ல வேண்டாம்.

சரி, குறி பார்க்கும்போது கண் என்ன செய்ய வேண்டும்? என்.சி.சி.யில் இருந்தவர்களுக்குத் தெரியும். பின்னால் ஒரு பள்ளம், முன்னால் ஒரு முளை, அதற்கப்பால் இலக்கு. கண், ஒரே நேரத்தில் மூன்று தூரங்களைத் தெளிவாகப் பார்க்க முடியாது. இளவயதுக் கண்ணுக்கும் முடியாது. எதை விட்டுக்கொடுப்பது? இலக்கைத்தான். முன்குறி கத்தி போலக் கூர்மையாகத் தெரிய வேண்டும், இலக்கு மங்கலாகக் கருப்பு உருண்டையாகத் தெரிந்தால் போதும்.

ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 33 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பின்குறியின் பள்ளத்தில் முன்குறி 1 மி.மீ. விலகி நின்றால், 10 மீட்டரில் அது 30 மி.மீ. விலகல் ஆகிவிடும். இலக்கின் நடுவட்டம், அதாவது பத்து மதிப்பெண் வட்டம், குறுக்கே 11.5 மி.மீ.தான். ஆக, கண்ணுக்கே தெரியாத ஒரு மில்லிமீட்டர், பத்தை ஏழாக்கிவிடும். ஆனால் இரண்டு குறிகளும் சரியாக இருந்து, கை மொத்தமாக 3 மி.மீ. ஆடினால், குண்டும் அதே 3 மி.மீ.தான் விலகும். எனவே பார்க்க வேண்டியது குறியை, இலக்கை அல்ல. சொல்வது சுலபம். அறுபது குண்டுகள், ஒன்றேகால் மணி நேரம், அதைச் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

இங்கேதான் பைஃபோகல் கைவிடுகிறது. நீட்டிய கையின் நுனியில் இருக்கும் முன்குறி, கண்ணிலிருந்து ஏறக்குறைய 90 செ.மீ. முதல் 1 மீட்டர் தூரத்தில் இருக்கும். கண்ணாடியின் மேல்பாதி வழியாகப் பார்த்தால் இலக்கு பளிச்சென்று தெரியும், முன்குறி பஞ்சாகிவிடும். பளிச்சென்று தெரிவதை விட்டுவிட்டுப் பஞ்சைப் பார் என்றால் கண் கேட்காது. கீழ்ப்பாதி வழியாகப் பார்த்தாலோ, அது 40 செ.மீ.யில் புத்தகம் படிக்கச் செய்யப்பட்டது. முன்குறியும் மங்கல், இலக்கும் மங்கல். போதாததற்கு, கீழ்ப்பாதிக்குக் கண்ணைக் கொண்டுவர மோவாயைத் தூக்க வேண்டும். கழுத்து பிடித்துக்கொள்ளும், நிற்கும் நிதானம் போகும். இரண்டு பாதிக்கும் நடுவே உள்ள கோட்டில் பார்வை பட்டால் முளை எகிறிக் குதிக்கும்.

கண்ணாடி எண்ணை நாமே புரிந்துகொள்ள ஒரு சின்ன வாய்ப்பாடு. 100ஐப் படிப்புக்காகக் கூட்டிய பவரால் வகுத்தால், எத்தனை செ.மீ.யில் தெளிவாகத் தெரியும் என்பது வரும். பிளஸ் 2.50 என்றால் 40 செ.மீ. பிளஸ் 1.00 என்றால் 100 செ.மீ. அறுபது தாண்டியவர்களுக்குப் படிக்கப் பொதுவாக 2.50 வரை கொடுக்கிறார்கள். முன்குறிக்கு அது மிகவும் அதிகம். பலருக்கு, குறிபார்க்கும் கண்ணுக்கு மட்டும், தூரப் பார்வை எண்ணோடு 0.50 முதல் 1.00 வரை கூட்டினால் போதுமானது. தூரத்துக்கு மைனஸ் 1.00 இருப்பவருக்கு 0.75 கூட்டினால் மைனஸ் 0.25. இப்படி ஒற்றைப் பவரில், கோடு இல்லாத தனிக் கண்ணாடி ஒன்று செய்துகொள்ள வேண்டும். முன்குறியின் தூரத்துக்கே முழுதாகக் கொடுத்தால் இலக்கு காணாமல் போய்விடும். கொஞ்சம் குறைத்துக் கொடுப்பது அதற்காகத்தான். சரியான எண், லென்ஸை மாற்றி மாற்றிப் பார்த்தால்தான் பிடிபடும்.

அதற்காகக் கண்ணாடிக் கடைக்குத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்! நிற்கும் நிலையில் கையை நீட்டி, கண்ணுக்கும் முன்குறிக்கும் உள்ள தூரத்தை இன்னொருவரை விட்டு இஞ்சுடேப்பால் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். முனையில் கருப்பு மை தடவிய ஒரு குச்சியை அந்தத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாலே போதும்.

இன்னும் சில சங்கதிகள். பிஸ்டல் சுடுபவர் பக்கவாட்டில் நின்று தலையைத் திருப்பிப் பார்ப்பதால், சாதாரணச் சட்டத்தில் பார்வை லென்ஸின் ஓரமாகப் போகும். அங்கே உருவம் கொஞ்சம் கோணும். லென்ஸைக் கண்ணுக்கு நேராகத் திருப்பி வைக்கும் தனிச் சட்டங்கள் இதற்காகவே உண்டு. சிறு துளை வழியாகப் பார்த்தால் கிட்டமும் தூரமும் ஒருங்கே தெளியும். மாத்திரை அட்டையின் சின்ன எழுத்தை, கையைச் சுருட்டி அந்த ஓட்டை வழியாகப் படிப்போமே, அதே தந்திரம்தான். சுடுபவர்கள் ஐரிஸ் என்ற துளைத்தகட்டைக் கண்ணாடியில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆனால் துளை சிறுத்தால் வெளிச்சமும் குறையும். மற்றக் கண்ணை இறுக்கி மூடினால் முகமெல்லாம் களைத்துவிடும், அதன் முன்னால் ஒரு சிறு தடுப்பு வைத்துக்கொள்வது நல்லது. 30 மி.மீ. அகலம் வரை விதியே அனுமதிக்கிறது. கண்புரைக்கு லென்ஸ் வைத்துக்கொண்டவர்களுக்கும் இதே கணக்குதான். பெரும்பாலும் வைப்பது ஒரே தூரத்துக்கான லென்ஸ், அது தானாக வளையாது.

பிரெஞ்சில் காமிராவைத் தெளிவாக்குவதற்கு "மீஸ் ஓ புவான்" என்பார்கள். குழப்பமான ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்துவதற்கும் அதே சொல்தான். நானும் இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் கோப்புகளோடு காலம் தள்ளியவன் நான். கோப்பு எப்போதும் ஒன்றேகால் அடியில் இருக்கும், மேலதிகாரி பத்தடியில் இருப்பார். எனக்குப் பைஃபோகல் அளவெடுத்துத் தைத்த சட்டை. அதைச் செய்துகொண்டவராகப் பேசப்படும் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் எழுத்து வேலைக்காரர்தான். 1785இல், பாரிஸில் தூதராக இருந்தபோது, தம் இரட்டைக் கண்ணாடியைப் பற்றி நண்பருக்கு எழுதினார். சாப்பாட்டு மேசையில் தட்டும் தெரிகிறது, எதிரே பேசுபவர் முகமும் தெரிகிறது, முகம் தெரிவதால் பிரெஞ்சும் நன்றாகப் புரிகிறது என்பது அவர் மகிழ்ச்சி. தட்டுக்கும் முகத்துக்கும் செய்த கண்ணாடி அது. தறிக்குச் செய்ததல்ல.

சேவூரில் என் தெருவிலேயே தறிச்சத்தம் கேட்கும். ஐம்பதைத் தாண்டியும் தறியில் உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனையோ பேர். குழித்தறியில் உட்கார்ந்தவருக்கு ஊடை விழுந்து அச்சு அடிக்கும் இடம் ஏறக்குறைய இரண்டடி. அச்சுக்குப் பின்னால் பாவில் ஓர் இழை அறுந்தால் அது இன்னும் தள்ளி. தலைக்கு மேலே ஜக்கார்டு அட்டை. எதுவும் ஒன்றேகால் அடியில் இல்லை, பத்தடியிலும் இல்லை. பைஃபோகல் விட்டுவிட்ட நடுத்தூரத்திலேயே அவர் பிழைப்பு முழுவதும் இருக்கிறது. 60 செ.மீ.க்கு நம் வாய்ப்பாட்டின்படி 1.67 வரும், கையில் இருப்பதோ 2.50.

பக்கத்து வீட்டு நெசவாளர் ஒருமுறை என்னிடம் சொன்னார்: "பேப்பர் படிக்க நல்லாத்தான் கீது சார். தறியில குந்தினா ஜரிகையும் தெரியல, இழையும் தெரியல. குனிஞ்சி குனிஞ்சி முதுகு போச்சி." அவர் கண்ணாடி கெட்டுப்போகவில்லை. அது படிப்பதற்கான கண்ணாடி, அவர் செய்வது நெசவு. பட்டில் ஓர் இழை தவறினால் சேலை முழுக்க அது தெரியும், கூலியில் பிடித்தம் விழும். துப்பாக்கிக்காரருக்குப் போவது மூன்று மதிப்பெண், இவருக்குப் போவது அரிசிக்காசு.

"ரெண்டு கண்ணாடிக்குக் காசு யார் கொடுப்பது?" என்ற கேள்வி நியாயமானது. ஆனால் ஒற்றைப் பவர் கண்ணாடி, பைஃபோகலைவிடப் பொதுவாக மலிவு. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடி கொடுத்துச் சோதித்தார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வில், கொடுக்கப்படாதவர்களைவிட இவர்களின் இலை பறிப்பு 21.7 சதவீதம் அதிகம் கூடியது. வங்கதேசத்தில் நடந்து 2024இல் வெளியான இன்னோர் ஆய்வில், கண்ணாடி கிடைத்தவர்களின் வருமானம் மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. ஆகவே இது செலவல்ல, தறிக்கு நாடா வாங்குவது போல ஒரு தொழில் முதலீடு. "புரோகிரஸிவ் போட்டா எல்லா தூரமும் தெரியுமே" என்றும் சிலர் சொல்வார்கள். தெரியும்தான், ஆனால் அதில் நடுத்தூரத்துக்குக் கிடைப்பது ஒரு குறுகிய சந்து. அகலமான பாவை அந்தச் சந்து வழியே பார்க்க நாள் முழுக்கத் தலையை ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

முகாம் நடத்தும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: நெசவாளர் ஊரில் முகாம் போடும்போது எழுத்து அட்டையோடு ஒரு இஞ்சுடேப்பும், ஒரு பட்டுத் துண்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் தறியில் உட்காரும் தூரத்தில் துண்டைப் பிடித்து, இழை தெரிகிறதா என்று கேளுங்கள். அதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

உங்களுக்கும் சொல்கிறேன். அடுத்த தடவை கண்ணாடி மாற்றப் போகுமுன், நாளில் அதிக நேரம் நீங்கள் எதைப் பார்க்கிறீர்களோ, அது தறியோ, தையல் மெஷினோ, கணினியோ, ஆர்மோனியமோ, பிஸ்டலோ, அதன் தூரத்தை அளந்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் முதலில் கண்ணின் உட்புறத்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பிறகு அந்தச் சீட்டைக் கடைக்காரர் மேசையில் வையுங்கள். அவர் கேட்காவிட்டாலும் வையுங்கள்.