தட்டிப் பார்ப்போம் ஆங்கிலத்தை!

‘நாக்’ என்றால் தட்டு. ‘ஆஃப்’ என்றால் விலக. இரண்டையும் சேர்த்தால்? நம்ம பவுண்டரி ஷாப்பிலேயே விடை இருக்கிறது. வார்ப்பிரும்பு காஸ்டிங்கில் ஒட்டி நிற்கும் ரைசரைச் சுத்தியலால் ஒரே போடு போட்டு எடுக்கிறோமே, அதுதான் ‘நாக் ஆஃப்’. இதுவரை சிக்கல் இல்லை.

ஷாப்பை விட்டு வெளியே வந்தால்தான் வேடிக்கை! ஆஸ்திரேலியத் தொழிலாளி ‘அஞ்சு மணிக்கு நாக் ஆஃப்’ என்றால், வேலையை முடித்துக் கிளம்புகிறார் என்று பொருள். இங்கிலாந்துக் கடைக்காரர் 10 பவுண்டு ‘நாக் ஆஃப்’ செய்தால், விலையில் அவ்வளவு தள்ளுபடி. அமெரிக்காவில் ஒரு கைப்பையைக் காட்டி ‘நாக் ஆஃப்’ என்றால், பெரிய கம்பெனி சரக்கைப் பார்த்துச் செய்த போலி. நடுவில் ‘இட்’ செருகிக் கத்தினால், ‘போதும், நிறுத்து!’ இங்கிலாந்துக் கொச்சையில் திருட்டுக்கும் இதே சொல்தான். துப்பறியும் கதையில் வந்தாலோ ஆளையே தீர்த்துக்கட்டிவிடுவார்கள்!

‘ஒரு சொல்லுக்கு இத்தனை அர்த்தமா? இதெல்லாம் நமக்கு வராதுப்பா’ என்று எழுந்து போய்விடாதீர்கள். நம்ம ‘தட்டு’ மட்டும் லேசுப்பட்டதா? தட்டிக்கொடுத்தால் உற்சாகம். தட்டிக்கழித்தால் சாக்குப்போக்கு. தட்டிக்கேட்டால் நியாயம். தட்டிப்பறித்தால் அநியாயம்! பள்ளிக்கூட வாசலை மிதிக்காத என் அம்மா இந்த நாலையும் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. அகராதி பார்த்தா கற்றுக்கொண்டார்? யார், யாரிடம், எப்போது சொல்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டே பழகினார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் படிக்க வந்தவன் நான். என்னைப் போல இங்கே எத்தனையோ பேர். ஆங்கிலம் நம் வீட்டுத் திண்ணையில் காதில் விழுந்ததில்லை; குறை அவ்வளவுதான். மூளையில் குறை ஒன்றும் கிடையாது. ஆனால் லேத்தில் அச்சு அசலாகத் திரெட் வெட்டுகிற பையன், இன்டர்வியூவில் வாயே திறக்காமல் திரும்பி வருகிறானே, அதுதான் வயிற்றெரிச்சல்!

எனவே மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். வாரம் ஒருநாள், மதிய இடைவேளையில் அரைமணி நேரம், பேசிப் பழக ஒரு வகுப்பறை கேட்டு வாங்கித் தாருங்கள். ஒரு சொல்லை எடுப்போம். அது வருகிற நாலு இடத்தை நடித்தே காட்டுவோம். மனப்பாடம் வேண்டாம். விதி ஒன்றே ஒன்று: யார் தப்பாகப் பேசினாலும் சிரிக்கக் கூடாது.

இன்னொன்றும் அங்கே பழகலாம். கொச்சைச் சொல்லுக்கு இடம், பொருள், ஏவல் உண்டு. இன்டர்வியூவில் மேனேஜரிடம் ‘எத்தனை மணிக்கு சார் நாக் ஆஃப்?’ என்று கேட்டால், வேலை கிடைக்கும் முன்பே நம் வேலை முடிந்துவிடும்!

சீனியர்களே, ஜூனியர்களைத் தட்டிக்கொடுங்கள். கேலி செய்பவர்களைத் தட்டிக்கேளுங்கள். பேரவையினரே, இந்தக் கோரிக்கையை மட்டும் தட்டிக்கழித்துவிடாதீர்கள்!

– மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்