எக்ஸ்பாட் அண்ணனும் வந்தேறிக் கடைக்காரரும்

பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், நெதர்லாந்தில் ஐந்தோவன் என்ற ஊரில் நான்கு வருடமாக இன்ஜினியர். போன டிசம்பரில் விடுமுறைக்கு வந்திருந்தான். வந்த மறுநாளே லேப்டாப்பை டிவியில் மாட்டி, குடும்பம் மொத்தத்தையும் பாயில் உட்கார வைத்து, ஒன்றரை மணி நேரம் போட்டோ காட்டினான். காற்றாலைகள், துலிப் தோட்டம், கடலை இரண்டாகப் பிளந்துகொண்டு போகும் ரோடு, ஜெர்மனி ஆட்டோபானில் ஸ்பீடோமீட்டர் முள் 190-இல் நிற்கும் காட்சி (இதை எடுத்தது அண்ணி, நல்லவேளை!), பேப்பர் கூம்பில் உருளைக்கிழங்கு வறுவல், அதன் தலையில் மயோனைஸ். எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான்.

கடைசியில் ஒரு மளிகைக்கடை போட்டோ வந்தது. "இவர் யாழ்ப்பாணத்துக்காரர். கறிவேப்பிலை, இட்லி அரிசி, முருங்கைக்காய் எல்லாம் இவர்கிட்டதான். 85-ல கையில ஒண்ணுமில்லாம வந்தவராம்" என்றான். பெரியம்மா கேட்டார், "அங்க வெளியூர்க்காரங்கள எதுவும் சொல்ல மாட்டாங்களாடா?" அண்ணன் சிரித்தான். "நாங்கல்லாம் எக்ஸ்பாட்டும்மா. எங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஊரைக் கெடுக்கிறது இந்த அகதிங்கதான்."

கடைக்காரர் போட்டோ இன்னும் டிவியில் அப்படியே இருந்தது. அவர் எப்படி வந்தார் என்று சொல்லி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அங்கே யாரும் இதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. எனக்கு மட்டும் அன்று இரவு தூக்கம் வரவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர் சுற்றுவதையோ, நன்றாகச் சாப்பிடுவதையோ, நல்ல ரோட்டில் கார் ஓட்டுவதையோ நான் குறை சொல்லவில்லை. வாய்ப்புக் கிடைத்தால் நாளைக்கே நானும் போவேன், போட்டோ காட்டி உங்கள் உயிரை வாங்குவேன். நான் கேட்பது ஒன்றே ஒன்று. பிழைப்புக்காக நாடு விட்டு நாடு போன இரண்டு பேரில் ஒருவன் 'எக்ஸ்பாட்', இன்னொருவன் 'வந்தேறி' ஆவது எந்தக் கணக்கில்?

கணக்கு என்று வந்துவிட்டால் பி.காம். படிக்கிற எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. வருமான வரி பேப்பருக்காகப் படிக்கப் போய், நெதர்லாந்தின் '30 சதவீத விதி'யைப் பற்றி விலாவாரியாகத் தெரிந்துகொண்டேன். வெளிநாட்டிலிருந்து, அங்கே எளிதில் கிடைக்காத திறமைக்காக வேலைக்கு எடுக்கப்படுபவருக்கு, சம்பளத்தில் 30 சதவீதம் வரை வரியில்லாமல் கொடுக்கலாம். ஐந்து வருடம் வரை இந்தச் சலுகை. பொதுவாக, 2025-இல் இதற்குத் தகுதி பெற வரிக்குட்பட்ட சம்பளம் மட்டும் ஆண்டுக்கு 46,660 யூரோவைத் தாண்டியிருக்க வேண்டும்.

ஒரு உதாரணம் போடுவோம். அடுத்தடுத்த மேஜையில் இரண்டு இன்ஜினியர்கள். இருவருக்கும் 70,000 யூரோ சம்பளம். ஒருவர் அந்த ஊரிலேயே பிறந்தவர், 70,000-க்கும் வரி கட்டுகிறார். மற்றவர் நம்ம ஆள், 49,000-க்கு மட்டும் கட்டுகிறார். மீதி 21,000 வரி பார்க்காத பணம். அந்த வருமானப் படிநிலையில் வரி ஏறக்குறைய 37.5 சதவீதம். மற்ற கழிவுகளை எல்லாம் விட்டுவிட்டுப் பார்த்தாலும் வருடத்துக்குச் சுமார் 7,800 யூரோ மிச்சம். காற்றாலை, துலிப், ஆட்டோபான் எல்லாம் சுற்றிவர இது தாராளமாகப் போதும் என்று நினைக்கிறேன்.

சட்டம் கொடுப்பதை வாங்கிக்கொள்வது தப்பில்லை. புது ஊரில் குடியேற ஆகும் செலவுகளை ஈடுகட்டவும், திறமைசாலிகளை ஈர்க்கவும் அந்த அரசாங்கம் யோசித்துக் கொடுப்பது அது. நானாக இருந்தாலும் வாங்குவேன். ஆனால் அரசாங்கத்திடம் சலுகை வாங்குகிறவன், "அகதிகள் அரசாங்கக் காசில் வாழ்கிறார்கள்" என்று பேசலாமா?

அடுத்தது டிரைவிங். அண்ணனுக்கு மிகப் பெருமையான விஷயம் இதுதான். இந்திய லைசென்ஸோடு நெதர்லாந்தில் குடியேறினால் பதிவு செய்த நாளிலிருந்து 185 நாள் வரைதான் அதை வைத்து ஓட்ட முடியும். அதற்குப் பிறகு எழுத்துத் தேர்வு, ரோட்டில் ஓட்டிக் காட்டும் தேர்வு இரண்டிலும் முதலிலிருந்து பாஸ் பண்ண வேண்டும். சிரியாவிலிருந்து வந்த அகதிக்கும் இதே சட்டம்தான், அவர் இருபது வருடம் லாரி ஓட்டியவராக இருந்தாலும் சரி.

ஆனால் அண்ணன் எந்தத் தேர்வும் எழுதவில்லை. எப்படி? அந்த 30 சதவீதச் சலுகை உள்ளவர்கள் எந்த நாட்டு லைசென்ஸாக இருந்தாலும் கொடுத்துவிட்டு டச்சு லைசென்ஸாக மாற்றிக்கொள்ளலாம். கூட வசிக்கும் குடும்பத்தாருக்கும் இது பொருந்தும். வரிச்சலுகைக்கும் பிரேக் போடத் தெரிவதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. அண்ணன் லைசென்ஸ் எடுத்த கதை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அரை பர்லாங்கு தூரம் ஓட்டிக் காட்டினான், அதில் பாதித் தூரம் பிரேக்கில் கால் வைத்திருந்தது டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அந்த லைசென்ஸ்தான் மாறி, அங்கே 190-இல் பறக்கிறது!

ஆட்டோபானைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே பல இடங்களில் வேகக் கட்டுப்பாடு இல்லை என்பது உண்மை. ஆனால் பரிந்துரைக்கப்பட்ட வேகம் 130. அதை மீறிப் போய் விபத்தில் சிக்கினால், தப்பு எதிராளியுடையதாக இருந்தாலும் நஷ்டஈட்டில் உங்கள் பங்கும் கணக்கில் வரலாம். அங்கே வேகமாக ஓட்ட முடிவதற்குக் காரணம் உங்கள் காரோ கைத்திறனோ இல்லை. வலது பக்கமாக முந்தக் கூடாது, டிராஃபிக் நின்றால் ஆம்புலன்ஸ் போக நடுவில் வழி விட்டு ஒதுங்க வேண்டும், இதையெல்லாம் உங்களுக்கு முன்னாலும் பின்னாலும் போகிறவர்கள் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள். அவர்கள் ஒழுங்கில்தான் உங்கள் வேகம் ஓடுகிறது.

கடலைப் பிளந்து போகும் ரோடு என்று சொன்னேனே, அது அஃப்ஸ்லாய்ட்டைக் என்ற அணை. 32 கிலோமீட்டர். 1932-இல் கட்டி முடித்தார்கள். அந்த நாட்டு நிலத்தில் சுமார் கால் பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. 1953-இல் தென்மேற்குப் பகுதியில் கரைகள் உடைந்து 1,836 பேர் இறந்தார்கள். கிண்டர்டைக்கில் அண்ணன் செல்ஃபி எடுத்துக்கொண்ட அந்த 19 காற்றாலைகள் அழகுக்காகக் கட்டியவை அல்ல. தாழ்ந்த நிலத்திலிருந்து தண்ணீரை இறைத்து வெளியே தள்ளக் கட்டியவை, பெரும்பாலும் 1740-ஐ ஒட்டிய வருடங்களில். தண்ணீரைக் கவனிக்க அங்கே தனியாக நீர் வாரியங்கள் உண்டு. 13-ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் ஏற்பாடு, இன்றைக்கும் ஒவ்வொரு வீடும் அதற்குத் தனி வரி கட்டுகிறது. அண்ணன் நான்கு வருடமாகக் கட்டியிருப்பான். அந்த ஊர்க்காரர்கள் எழுநூறு வருடத்துக்கு மேலாகக் கட்டுகிறார்கள். வேடிக்கை பார்க்கப் போகிறவன் அந்த வரியையும் கொஞ்சம் வேடிக்கை பார்க்கலாம்.

துலிப்பாவது அந்த ஊர்ச் சரக்கா என்றால், அதுவும் இல்லை. துருக்கி சாம்ராஜ்யத்திலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்த பூ அது. லைடன் பல்கலைக்கழகத் தோட்டத்தில் குளூசியஸ் என்ற தாவரவியலாளர் 1590-களில் நட்டு வளர்த்தார். ஒரு வந்தேறிப் பூவைப் பார்க்கத்தான் ஒவ்வொரு வசந்தத்திலும் கூட்டம் அலைமோதுகிறது.

இனி சாப்பாடு. "லோக்கல் ஃபுட்" என்று தலைப்புப் போட்டு அண்ணன் தனி ஃபோல்டரே வைத்திருந்தான். அதில் இருந்தவற்றைப் பாருங்கள். ரைஸ்டாஃபெல், அதாவது சோற்றைச் சுற்றிப் பத்துப் பதினைந்து கிண்ணங்களில் கறியும் குழம்பும் பொரியலும். இது டச்சுக்காரர்கள் இந்தோனேசியாவை அடிமைப்படுத்தி ஆண்ட காலத்தில் உருவான விருந்து. அடுத்து ஜெர்மனியில் சாப்பிட்ட டோனர் கபாப். 1961-இல் போட்ட ஒப்பந்தத்தின்படி மேற்கு ஜெர்மனிக்குக் கூலி வேலைக்கு வந்த துருக்கியர்கள் அந்த ஊருக்குக் கொடுத்த சாப்பாடு.

மூன்றாவதைப் பார்த்துத்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சுரினாம் ரொட்டி! ரொட்டிக்குள் கோழிக்கறி, உருளைக்கிழங்கு, நீளமான பயற்றங்காய். "டென் ஹாக் போனா இத விடவே கூடாது" என்றான். இந்த ரொட்டி எப்படி அங்கே போனது தெரியுமா? 1873-இல் லல்லா ரூக் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து தென் அமெரிக்காவிலுள்ள டச்சுக் காலனியான சுரினாமுக்குக் கிளம்பியது. அதிலிருந்து 1916 வரை, கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய, சுமார் 34,000 பேர் வட இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். 1975-இல் சுரினாம் சுதந்திரம் அடைந்த சமயத்தில் அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் ஏராளமானோர் நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார்கள். ரொட்டியும் கூடவே போனது.

அதாவது, பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் வயிறு காய்ந்து கப்பலேறியவர்களின் கைப்பக்குவத்தை, விமானமேறிப் போன இந்தியன் "லோக்கல் ஃபுட்" என்று சப்புக்கொட்டிச் சாப்பிடுகிறான். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "குடியேறிகள் ஊரைக் கெடுக்கிறார்கள்" என்கிறான். சாப்பாடு மட்டும் லோக்கல், சமைத்தவன் வந்தேறியா?

இதையெல்லாம் அண்ணனிடம் மறுநாள் கேட்டேன். அவன் சொன்ன பதிலையும் நியாயமாக எழுதிவிடுகிறேன். "நான் திறமைய வித்துப் போனேன். வரி கட்டுறேன். அவங்க வேலை செய்யாம உக்காந்து சாப்பிடுறாங்க."

பலரும் சொல்கிற வாதம் இது. ஆனால் அந்த நாட்டில் அடைக்கலம் கேட்டு விண்ணப்பித்தவர்கள், முடிவு வரும்வரை வருடத்தில் 24 வாரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று சட்டமே இருந்தது. 2023 நவம்பரில்தான் அந்நாட்டின் உயர்ந்த நிர்வாக நீதிமன்றம் அது ஐரோப்பியச் சட்டத்துக்கு முரணானது என்று சொல்லி நீக்கியது. வருடத்தில் பாதி நாளுக்கு மேல் வேலை செய்யாதே என்று கையைக் கட்டிப்போட்டுவிட்டு, சும்மா இருக்கிறான் பார் என்று கை காட்டினால் அது என்ன நியாயம்?

இன்னொன்றும் இருக்கிறது. 2023-இல் அந்த நாட்டுப் பாராளுமன்றம் எக்ஸ்பாட்களின் வரிச்சலுகையை 30, 20, 10 என்று படிப்படியாகக் குறைக்க முடிவெடுத்தது. பிறகு அதைக் கைவிட்டு, 2027 முதல் 27 சதவீதம் என்று வைத்தார்கள். அந்தச் சமயத்தில் அண்ணன் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கொதித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "எங்கள வெளியாளாத்தான் பாக்குறாங்க" என்று எழுதியிருந்தான். சலுகையில் மூன்று சதவீதம் குறையப் போகிறது என்றதுமே தான் வெளியாள் என்பது அவனுக்கு நினைவுக்கு வந்துவிட்டது! அதே உணர்ச்சியோடுதான் அந்த யாழ்ப்பாணத்துக்காரர் அந்த ஊரில் நாற்பது வருடம் ஓட்டியிருப்பார். அவருக்குச் சதவீதமும் இல்லை, திரும்பிப் போக வீடும் இல்லை.

அகதிகளால் எந்த ஊருக்கும் எந்தச் சிரமமும் வராது என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டுத் தட்டுப்பாடு அங்கே பெரிய பிரச்சினை. ஆனால் வீடு தேடுகிற வரிசையில் அகதி மட்டுமா நிற்கிறான்? நல்ல சம்பளத்தோடு எக்ஸ்பாட்டும் அதே ஊரில்தான் வீடு தேடுகிறான். வாடகை ஏறுவதில் அவனுக்கும் பங்கு உண்டு. அதைப் பற்றிய போட்டோ எதுவும் அண்ணன் ஃபோல்டரில் இல்லை.

என் கட்சி இதுதான். போங்கள், பாருங்கள், சாப்பிடுங்கள், ஓட்டுங்கள். நாலு இடம் பார்த்தவனுக்கு மனசு விரியும் என்பார்கள். பார்த்த ஒவ்வொன்றும் யாருடைய வரியிலும் யாருடைய வியர்வையிலும் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு ரசித்தால் ரசனை குறையப் போவதில்லை. அப்படித் தெரிந்துகொள்ளாமல், போன இடத்தில் தன்னை மட்டும் விருந்தாளி, மற்றவனெல்லாம் திருடன் என்று நினைப்பவன் பத்து நாடு சுற்றினாலும் அவனுக்குப் பாஸ்போர்ட்டில் முத்திரை விழும், அவ்வளவுதான்.

அண்ணன் ஜனவரியில் கிளம்பிப் போய்விட்டான். கோபம் எதுவும் இல்லை, வழக்கம்போல ஊறுகாய் பாட்டிலும் முறுக்கும் கட்டிக் கொடுத்தோம். கிளம்பும்போது ஒரே ஒரு விஷயம் கேட்டேன். "அண்ணா, கடைக்காரர் பேர் என்ன?"

நான்கு வருடமாக அவரிடம் கறிவேப்பிலை வாங்குகிறான். பெயர் தெரியவில்லை.

கேட்டு எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறான். காத்திருக்கிறேன்.