ஒல்லியா இருக்காங்க, சரி. நல்லா இருக்காங்களா?

லீவுக்கு ஊருக்குப் போய் வருகிற நம்மவர்களிடம் "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டால் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். "அதுக்கென்ன, ஒல்லியா சிக்குன்னு இருக்காங்க. சுகர் இல்ல, பிரஷர் இல்ல." சொல்பவருக்கும் நிம்மதி, கேட்பவருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் இந்தப் பதிலில் ஒரு ஆட்சேபணை உண்டு. ஐம்பதைத் தாண்டிய பெண்மணியின் ஒல்லி உடம்பைப் பார்த்து சந்தோஷப்படுவதற்கு முன், அவர் எலும்பைப் பற்றி ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

பி.காம். படித்தவளுக்குத் தேய்மானம் என்றால் டிப்ரிசியேஷன். மெஷின் வாங்கிய வருடமே எழுத ஆரம்பித்துவிடுவோம். எலும்புக் கணக்கு வேறு. சுமார் 30 வயது வரை சேர்கிறது, பிறகு மெல்லக் குறைகிறது. மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு வற்றிவிடுவதால், முதல் சில வருடங்கள் தேய்மானம் வேகமெடுக்கிறது. சினைப்பைகளையும் சேர்த்து ஆபரேஷனில் எடுத்துவிட்டவர்களுக்கு அன்றிலிருந்தே கணக்கு ஆரம்பம். மூட்டுத் தேய்மானம் மாதிரி இது வலிக்காது. கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறியும் வரை பல பேருக்குத் தெரிவதே இல்லை.

இதில் எடைக்கு என்ன வேலை? இரண்டு. எலும்பு சுமை தாங்கத் தாங்கத்தான் உறுதியாகும். அப்புறம், மாதவிடாய் நின்ற பிறகு உடம்புக்குக் கிடைக்கிற கொஞ்சநஞ்ச ஈஸ்ட்ரோஜனும் முக்கியமாகக் கொழுப்புத் திசுவில்தான் உருவாகிறது. மிகவும் ஒல்லியானவருக்கு இரண்டிலும் நஷ்டம்.

நான் இருக்கும் மெட்டுகுடாவுக்கு அடுத்த மெட்ரோ ஸ்டேஷன் தார்நாகா. அங்கேதான் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. 1918ல் நம்ம குன்னூரில் ஆரம்பித்து 1958ல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. நம்மைப் போலவே பிழைக்க வந்த கேஸ் :-) அங்கே டாக்டர் வீணா ஷத்ருக்னா குழுவினர், இந்த ஊரின் குறைந்த வருமானக் குடும்பங்களைச் சேர்ந்த 30 முதல் 60 வயது வரையான 289 பெண்களின் எலும்பு அடர்த்தியை அளந்து 2005ல் வெளியிட்டார்கள். வளர்ந்த நாட்டுப் பெண்களைவிட நன்றாகவே குறைவு. வயது, மாதவிடாய் நின்றது, கால்சியம் ஆகியவற்றோடு உடல் எடைக்கும் அதில் பங்கு இருந்தது. யோசித்துப் பாருங்கள், நம் அம்மாக்களில் எத்தனை பேர் உடற்பயிற்சி செய்து ஒல்லியானவர்கள்? எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டே ஒல்லியானவர்கள்தானே அதிகம்?

"அப்போ குண்டா இருந்தா தப்பிச்சோம்" என்று யாரும் கொண்டாட வேண்டாம். பத்து நாடுகளில் அறுபதாயிரம் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2011ல் வந்தது. உடல் பருமனானவர்களுக்கும் எலும்பு முறிவு குறையவில்லை. கணுக்காலிலும் தொடையிலும் அவர்களுக்குத்தான் அதிகம். சுகர், முட்டிவலி சமாச்சாரமெல்லாம் தனி.

என் கட்சி இதுதான்: எடை எவ்வளவு என்பதோடு, அது எந்தப் பக்கம் போகிறது என்பதையும் பாருங்கள். வயதான காலத்தில் எடை குறைந்தால் எலும்பும் கூடவே குறைகிறது. வேண்டுமென்றே டயட் இருந்து குறைத்தாலும் அப்படித்தான். அதனால் வெளிநாட்டிலிருந்தபடி "அம்மா, நைட் சாப்பாட்டை நிறுத்திடு, மூணு மாசத்துல பத்து கிலோ குறையும்" என்று வாட்ஸப்பில் உத்தரவு போடும் பிள்ளைகளே, கொஞ்சம் நிதானம். டாக்டர் குறைக்கச் சொன்னால் மெதுவாகக் குறைக்கட்டும். பருப்பு, முட்டை, தயிர் குறையாமல், நடையோடு தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் சேர்ந்து இருக்கட்டும்.

அதைவிட எனக்குப் பயம், கேட்காமலே குறையும் எடை. அப்பா போன பிறகு தனியாக இருக்கும் அம்மா, "ஒரு ஆளுக்கு என்ன சமைக்கிறது" என்று ரெண்டு வேளையும் மோர்சாதத்தில் முடித்துவிடுவார். வீடியோ காலில் முகம் மட்டும்தான் தெரியும். ரவிக்கை லூஸானதும் வளையல் முழங்கை வரை ஏறுவதும் நமக்கு எங்கே தெரிகிறது?

மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தினம் 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது அதே தார்நாகா நிறுவனத்தின் 2020ம் வருடப் பரிந்துரை. ஒரு டம்ளர் பாலில் சுமார் 240, நூறு கிராம் கேழ்வரகில் 340க்கு மேல். கேழ்வரகுக் கூழும் தயிரும் கீரையும் நமக்குப் புதுசா என்ன? கூடவே வைட்டமின் டி அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒல்லியான அம்மாவுக்கு ஒரு டெக்ஸா ஸ்கேன் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. அதற்கு மருந்து இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனில் "சாப்டியாம்மா?" என்பதோடு இன்னொரு கேள்வியும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "போன வருஷம் எத்தனை கிலோ இருந்தே, இப்ப எத்தனை?"

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, லோன் பேப்பர் பார்க்கிறவள். எனக்கும் 48 நடக்கிறது. இது எனக்கும் சேர்த்துத்தான்.