பழைய கேமராவுக்கு மார்க் போடுவது

நிக்கான் டி40 வந்தது 2006-இல், 6 மெகாபிக்சல். அதை இன்றைய செல்போன் பக்கத்தில் நிறுத்தி, "தேறாது" என்று எழுதிவிடுகிறார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு 20-க்குத்தான் மார்க். அதற்காகச் சின்ன வகுப்புப் பையனிடம் பக்கலோரேயா கேள்வித்தாளை யாரும் நீட்டியதில்லை.

6 மெகாபிக்சலில் 10 அங்குல அகலப் படம் தெளிவாகவே அச்சாகும். வீட்டு ஆல்பத்துக்கு அதற்கு மேல் எதற்கு? இருட்டான கல்யாண மண்டபத்தில் திணறும். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் எழுதுகிறவர் கையிலிருக்கும் கேமரா என்ன நிலையில் இருக்கிறது? சர்வீஸ் புக்கைப் புரட்டாமல் நாங்கள் பென்ஷன் கணக்குப் போட்டதில்லை. ஷட்டர் எத்தனை முறை அடித்தது, பேட்டரி தாங்குகிறதா, லென்ஸில் பூஞ்சை உண்டா (நம் ஊர்க் கடற்காற்றில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்) என்று எழுதாவிட்டால், காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பேரம் பேசுகிறவருக்கு அந்த விமர்சனத்தால் என்ன லாபம்?